அலாரம் 'ஆஃப்' ஆகவில்லை, அடித்தது: ஃப்ரேசல் வெர்ப்களைத் தமிழ் சப்டைட்டிலுக்குக் கொண்டுவருவது எப்படி?

வங்கிக்குள் மூன்று திருடர்கள். பெட்டகம் திறக்கும் நேரத்தில் ஒருவன் பதறிக் கத்துகிறான்: 'தி அலாரம் வெண்ட் ஆஃப்!' மூவரும் பணத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறார்கள். நான் எழுதிய சப்டைட்டில், "அலாரம் அணைந்துவிட்டது!"

அணைந்த அலாரத்துக்கு எதற்கு ஓட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நள்ளிரவு தாண்டியிருந்தது, காலை எட்டு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். தரம் பார்ப்பவர் திருப்பி அனுப்பிய கோப்பில் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி: "சத்தம் கேட்கவில்லையா?" அதற்குக் கீழே இதே ரகத்தில் இன்னும் 31 வரிகள். அத்தனையும் ஃப்ரேசல் வெர்ப்.

பள்ளியில் ஒரு இருபதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியிருப்போம். ஆனால் ஆங்கிலப் பேச்சு முழுக்க இவைதான். வினையோடு அப், அவுட், ஆஃப், ஓவர் என்று ஒரு குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டதும் பழைய பொருள் போய் வேறொன்று வந்து உட்கார்ந்துவிடும். முதல் வேலையிலேயே அடிபட்டுக் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். புதிதாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு சப்டைட்டில் எழுத வருகிறவர்களுக்கு இது.

1. ஒப்புக்கொள்ளும் முன் கேட்டு வாங்குங்கள்

முதலில் வீடியோ. வெறும் எக்செல் தாளில் வசனத்தை மட்டும் அனுப்பி "மொழிபெயர்த்துத் தாருங்கள்" என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். 'டேக் இட் ஆஃப்' என்று தாளில் இருந்தால் கழற்றச் சொல்வது சட்டையையா, சுவரில் மாட்டிய படத்தையா, விலையில் பத்து ரூபாயைக் குறைக்கச் சொல்கிறார்களா? படம் பார்த்தால்தான் தெரியும். ரகசியம் காக்க வேண்டும் என்று காரணம் சொன்னால், பெயர் பொறித்த, தரம் குறைத்த வீடியோவையாவது கேளுங்கள். பெரும்பாலும் தருவார்கள்.

இரண்டாவது, நடைக் குறிப்பு, அதாவது எப்படி எழுத வேண்டும் என்று நிறுவனம் வைத்திருக்கும் விதிகள். இதில் மூன்று விஷயத்துக்குப் பதில் வேண்டும். எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா? கெட்ட வார்த்தைகளை எந்த அளவுக்கு விடலாம்? ஒரு வரிக்கு எத்தனை எழுத்து, அதை எப்படி எண்ணுகிறார்கள்?

மூன்றாவது, யார் யாரை நீ, நீங்கள் என்று அழைக்கிறார்கள் என்ற பட்டியல். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் 'யூ'தான். தொடர் என்றால் முந்தைய எபிசோடை வேறொருவர் செய்திருப்பார். அதில் மனைவி கணவனை "நீ" என்று அழைத்து, உங்கள் எபிசோடில் "வாங்க, போங்க" என்றால் பார்ப்பவர் ஏதோ சண்டை என்று நினைப்பார். இந்தப் பட்டியல் ஃப்ரேசல் வெர்ப்புக்கும் நேரடியாகத் தேவை. 'நாக் இட் ஆஃப்' என்று அம்மா பிள்ளைகளிடம் சொன்னால் "போதும், நிறுத்துங்கடா". மனைவி கணவனிடம் சொன்னால் "சும்மா இருங்க". போலீஸ்காரர் தெருச் சண்டையில் சொன்னால் "டேய், விடுங்கடா!" வினை ஒன்றுதான்.

இலவசத் தேர்வு வைப்பார்கள். ஐந்து நிமிட வீடியோ என்றால் செய்யலாம். "தேர்வு" என்ற பெயரில் முழு எபிசோடையே கேட்டால் அது தேர்வு இல்லை, ஓசி வேலை.

2. மேசையில் என்ன இருக்க வேண்டும்?

செலவு அதிகமில்லை. சப்டைட்டில் எடிட் என்ற மென்பொருள் இலவசம், விண்டோஸில் ஓடும். கோப்பை எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் கோப்பு வடிவத்தில் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 குறியாக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். தவறினால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறிகளாக வந்து நிற்கும்.

ஆங்கிலப் பொருளுக்குக் கேம்பிரிட்ஜ், லாங்மன் இரண்டின் இணைய அகராதிகளும் இலவசம். கற்பவர்களுக்கான பதிப்பையே பாருங்கள். எடுத்துக்காட்டு வாக்கியங்கள் அதில்தான் நிறைய இருக்கும், பிரிட்டிஷ் வழக்கா அமெரிக்க வழக்கா என்றும் குறித்திருப்பார்கள். கொச்சைக்கு அர்பன் டிக்‌ஷனரி உதவும். ஆனால் அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். நண்பனைக் கேலி செய்ய ஒருவன் எழுதிவைத்த பொருளை நம்பி வசனம் எழுதிவிடக் கூடாது. இரண்டு மூன்று பேர் ஒரே பொருளைத் தந்திருந்தால் மட்டும் எடுத்துக்கொள்வேன்.

தமிழ்ப் பக்கத்துக்கு நான் காசு கொடுத்து வாங்கியது க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. 1992இல் முதல் பதிப்பு, 2008இல் இரண்டாவது, 2020இல் மூன்றாவது. துணைவினைகளுக்கு (வினைக்குப் பின்னால் ஒட்டும் விடு, தள்ளு, தொலை போன்றவை) தனிப் பதிவும் எடுத்துக்காட்டும் தருவது இதன் பெரிய பலம். ஏன் என்று ஐந்தாம் படியில் தெரியும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம் - தமிழ்ச் சொற்களஞ்சியம் நல்ல புத்தகம்தான், ஆனால் பேச்சு வசனத்துக்கு அதிகம் கைகொடுக்காது. 'புட் அப் வித்' என்பதற்கு "பொறுத்துக்கொள்" கிடைக்கும். "உன்னோடு எப்படித்தான் காலம் தள்ளுகிறாளோ" கிடைக்காது.

3. எழுதாமல் ஒருமுறை பாருங்கள்

22 நிமிட எபிசோடுக்கு இது ஒரு மணி நேரம் பிடிக்கும், நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதால். ஃப்ரேசல் வெர்ப் வரும் இடத்தை எல்லாம் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். தெரிந்ததாகத் தோன்றுவதையும் சேர்த்து. என்னைக் கவிழ்த்தவை எல்லாம் தெரிந்தவைதான். தெரியாததை அகராதியில் பார்த்துவிடுவோம், 'கோ ஆஃப்' தெரியும் என்று நினைத்ததால்தானே பார்க்கவில்லை. அதற்கு அலாரம் அடித்தது, குண்டு வெடித்தது, கரண்ட் போனது, பிரிட்டனில் என்றால் பால் கெட்டது என்று பொருள் நீளும்.

வினையும் குட்டிச் சொல்லும் பிரிந்து கிடக்கும் இடங்களில் கவனம். 'ஷீ டர்ன்ட் தி போர் கை டவுன்' என்பதில் நடுவே ஒரு ஆளே உட்கார்ந்திருக்கிறான். அவனை யாரும் கீழே திருப்பவில்லை, "பாவம், அவனை வேண்டாம் என்றுவிட்டாள்". அதேபோல மூன்று சொல் கூட்டணி வந்தால் மூன்றாவது சொல் பொருளையே மாற்றும். 'லுக் அப்' என்றால் தேடிப் பார்ப்பது, 'லுக் அப் டு' என்றால் ஒருவர்மேல் மதிப்பு வைப்பது.

நாட்டையும் பாருங்கள். 'வாஷ் அப்' பிரிட்டனில் பாத்திரம் தேய்ப்பது, அமெரிக்காவில் கை முகம் கழுவுவது. 'நாக் அப்' பழைய பிரிட்டிஷ் வழக்கில் கதவைத் தட்டி எழுப்புவது, அமெரிக்காவில் ஒரு பெண்ணைக் கர்ப்பமாக்குவது. இதை மாற்றி எழுதினால் கதையே வேறு.

4. வினையை மறந்துவிட்டு ஆளைப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டி ஓடாதீர்கள். 'கிவ் அப்' என்று ஆங்கிலத்தில் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

ஒருவன் சிகரெட்டைப் பற்றிச் சொல்கிறான்: "விட்டுவிட்டேன்."
விடுகதை போட்ட குழந்தையிடம் தாத்தா சொல்கிறார்: "தெரியலை கண்ணு, நீயே சொல்லு."
ஒலிபெருக்கியில் போலீஸ்: "சரணடைந்துவிடு!"
மருத்துவமனை வாசலில் மனைவி: "டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள்."
உருப்படாத மகனைப் பற்றி அப்பா: "அவனை எப்போதோ தலைமுழுகிவிட்டேன்."
ரயிலில் ஒருத்தி கர்ப்பிணிக்காக: "எழுந்து இடம் கொடுத்தாள்."

ஆறு இடம், ஆறு தமிழ். எல்லாவற்றுக்கும் "கைவிட்டேன்" என்று எழுதியிருந்தால் அகராதிப்படி தப்பில்லை, ஆனால் தாத்தா விடுகதையைக் கைவிட்டார் என்று யார் பேசுகிறார்கள்?

நான் செய்வது இதுதான். ஆங்கிலச் சொல்லை மறைத்துவிட்டு, அந்தக் காட்சியை என் சித்தியிடம் கதையாகச் சொல்வதுபோல வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். "அவன் அவளை ஹோட்டலுக்கு வரச் சொல்லிவிட்டு..." என்று ஆரம்பித்தால் "...அல்வா கொடுத்துட்டான் சித்தி" என்று தானாக வாயில் வரும். 'ஸ்டுட் ஹர் அப்' என்பதற்குத் தமிழ் கிடைத்துவிட்டது. இதே வரியை ஒரு மொழிபெயர்ப்பு இயந்திரம் "அவளை எழுப்பி நிறுத்தினான்" என்று தந்ததைப் பார்த்திருக்கிறேன்.

5. துணைவினை இருக்கும்போது பயம் எதற்கு?

ஆங்கிலத்துக்கு அப், அவுட், ஆஃப் செய்யும் வேலையைத் தமிழில் துணைவினைகள் செய்கின்றன. வினை முடிந்ததா, சொல்பவருக்கு எரிச்சலா, அலட்சியமா, தனக்காகச் செய்ததா என்பதெல்லாம் வினைக்குப் பின்னால் வரும் அந்தச் சின்னச் சொல்லில் இருக்கிறது. இது பிடிபட்டதும்தான் என் வேலை பாதியாகக் குறைந்தது.

'ஸ்பிட் இட் அவுட்!' என்று ஒருவன் கத்தினால் துப்பச் சொல்லவில்லை. "சொல்லித் தொலை!" அந்தத் 'தொலை'யில் மொத்த எரிச்சலும் வந்துவிடுகிறது. 'சர்ன் அவுட்' என்றால் "எழுதித் தள்ளுகிறாள்". 'ஈட் அப்' என்றால் "தின்று தீர்த்தான்". 'பீட் அப்' என்றால் "புரட்டி எடுத்தார்கள்". பிரிட்டிஷ்காரர்களின் 'டெல் ஆஃப்' வந்தால் "வறுத்தெடுத்தார்". 'பேக் அவுட்' என்றால் "கழன்றுகொண்டான்". 'ட்ரை ஆன்' என்றால் "போட்டுப் பார்". 'லை அரவுண்ட்' என்றால் "விழுந்துகிடக்கிறான்". 'ஃபினிஷ் ஆஃப்' என்றால் "முடித்துக்கட்டு". 'புட் ஆஃப்' என்றால் "தள்ளிப்போடு".

இதில் ஒரு பெரிய லாபம் உண்டு. பல நிறுவனங்கள் எழுத்துத் தமிழ்தான் வேண்டும், "வந்துட்டான்" கூடாது என்பார்கள். அப்புறம் குடிகாரனும் ரவுடியும் செய்தி வாசிப்பாளர் மாதிரிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் "வந்து தொலைத்தான்", "கத்தித் தீர்த்தாள்" என்பவற்றில் எழுத்திலக்கணம் பிசகவில்லை, பேச்சின் சூடும் ஆறவில்லை. நடைக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு எந்தத் தரம் பார்ப்பவரும் இதைத் திருத்த முடியாது.

எச்சரிக்கை ஒன்று. 'விடு' என்பது எங்கும் ஒட்டும் பசை. போய்விட்டான், சொல்லிவிட்டான், முடித்துவிட்டான் என்று ஒரே நிமிடத்தில் ஏழு வரிகள் "விட்டான்" என்று முடிந்தால் பார்ப்பவருக்குத் தாலாட்டு மாதிரி ஆகிவிடும். என் முதல் கோப்பில் தேடிப் பார்த்தேன், 380 சொச்சம் வரிகளில் 140க்கு மேல். பாதியை எடுத்தபிறகும் பொருள் குறையவில்லை.

6. மரபுத்தொடர்களுக்கு ஒரு தாள் வையுங்கள்

பேருந்திலும் டீக்கடையிலும் காதில் விழுவதை எழுதிவையுங்கள். என் தாளில் உள்ளவை சில: சொல்லாமல் நழுவுவதற்குக் கம்பி நீட்டு, டேக்கா கொடு. ஒருவரைத் துண்டிப்பதற்குக் கழற்றிவிடு. காட்டிக்கொடுப்பதற்குப் போட்டுக்கொடு. நம்ப வைத்துக் கவிழ்ப்பதற்குக் காலை வாரு. வந்து முகம் காட்டிப் போவதற்குத் தலைகாட்டு. போகிறபோக்கில் வருவதற்கு எட்டிப்பார். கெடுத்துவைப்பதற்குச் சொதப்பு. வாய்ப்பைத் தவறவிடுவதற்குக் கோட்டை விடு. பொய் புனைவதற்கு அள்ளிவிடு, கதை விடு. கிளம்புவதற்கு நடையைக் கட்டு. துரத்துவதற்கு இடத்தைக் காலி பண்ணு. சீறுவதற்கு எரிந்து விழு.

இவற்றை எல்லா வாயிலும் வைக்க முடியாது. ஏமாற்றியதற்கு "நாமம் போட்டான்" என்று சொல்கிறோம், ஆனால் டெக்சாஸ் பண்ணைக்காரர் அப்படிச் சொன்னால் எனக்கு நெற்றியில் நாமத்தோடு அவர் தெரிகிறார். "மொட்டை அடித்துவிட்டார்கள்" பரவாயில்லை. "அல்வா"வை நகைச்சுவைத் தொடரில் விடுவேன், கொலை விசாரணையில் விட மாட்டேன். இது என் கோடு, உங்கள் கோடு வேறாக இருக்கலாம். அதோடு உங்கள் வரியை யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் படிப்பார்கள். "டேக்கா" சென்னையைத் தாண்டி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி போய்ச் சேராது. சந்தேகம் வந்தால் "நழுவு" போதும்.

7. தமிழுக்குள் வந்து மாறிப்போன ஆங்கிலம்

இந்தப் பள்ளத்தில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். செட்டப், பில்டப், கெட்டப், பிக்கப், மேக்கப் எல்லாம் நாம் தினமும் சொல்வதுதானே, அப்படியே போட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் இங்கே வந்தபின் அவை வேறு குடும்பம். 'ஐ செட் இட் அப்' என்று ஒரு பெண் தான் தொடங்கிய கடையைப் பற்றிச் சொன்னால், "செட்டப் பண்ணினேன்" என்பது ஏதோ தில்லுமுல்லு செய்ததுபோல் ஒலிக்கும். நமக்குப் பில்டப் என்றால் இல்லாததை ஊதிக் காட்டுவது. கெட்டப் என்றால் வேஷம். ஆங்கிலத்தில் காலையில் எழுவதும் 'கெட் அப்'தான்.

'ஆஃப்' இன்னும் மோசம். தமிழில் ஆஃப் ஆனது என்றால் அணைந்தது, அவ்வளவுதான். என் அலாரம் கெட்டதே அதனால்தான்.

"ஹேங்கவுட் பண்ணலாம்", "சில் பண்ணு" என்று அப்படியே இறக்குவது இன்னொரு வழி. கல்லூரிப் பிள்ளைகள் கதையில் ஒன்றிரண்டு இருக்கலாம். 'பிரேக்கப்' இப்போது தமிழ்ச் சொல் மாதிரியே ஆகிவிட்டது, அதைத் "உறவு முறிவு" என்று எழுதினால்தான் சிரிப்பார்கள். ஆனால் ஐம்பது வயது விவசாயி "சில் பண்ணு" என்றால் யார் நம்புவது?

8. அளவுக்குள் அடக்குதல்

பரவலாக இருக்கும் அளவு வரிக்கு 42 எழுத்து, திரையில் இரண்டு வரி. இதில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத சிக்கல், தமிழில் எழுத்தை எப்படி எண்ணுவது என்பது. கண்ணுக்கு "கம்பி நீட்டிவிட்டான்" என்பது இடைவெளியோடு 11. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு கணக்கில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனி, ஆக 20. அப்படி எண்ணும் மென்பொருளில் 42 என்பது உண்மையில் 22, 23 எழுத்துதான். முதல் படியில் இதைக் கேட்கச் சொன்னது இதற்குத்தான். நான் கேட்கவில்லை. முழு எபிசோடையும் எழுதி முடித்தபின் 90 வரிகள் சிவப்பாக மின்னின.

அடங்காதபோது முதலில் எழுவாயை எடுங்கள், "விட்டான்" என்பதே அவன்தான் என்று சொல்லிவிடும். அப்புறம் துணைவினையைக் குறையுங்கள். "கம்பி நீட்டிவிட்டான்" இடம் கொள்ளவில்லை என்றால் "நழுவினான்" யூனிகோடு கணக்கிலும் 9தான்.

ஒரு வாக்கியம் இரண்டு திரைகளில் உடையும்போது தமிழ் வினை கடைசிக்குப் போய்விடும். 'ஐ காள்ட் ஆஃப்...' என்று நாயகி சொன்னதுமே எதிரே இருப்பவர் முகம் மாறுகிறது, 'தி வெட்டிங்' அடுத்த திரையில். இங்கே எழுத்து வரிசையைப் பிடித்துத் தொங்காமல் பேச்சு வரிசைக்குப் போங்கள்: "நிறுத்திவிட்டேன்..." அடுத்தது, "கல்யாணத்தை."

9. சத்தமாகப் படியுங்கள், பிறகு அனுப்புங்கள்

முடித்த அன்றே அனுப்பாதீர்கள். ஒரு இரவாவது ஆறப்போட்டு, காலையில் ஆங்கிலத்தை அணைத்துவிட்டுத் தமிழை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் ஆங்கிலம் ஒளிந்திருக்கிறது. முடிந்தால் ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாத ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். என் வீட்டில் அது அம்மா. "இவன் ஏன் இப்படிப் பேசறான்?" என்று கேட்டால் அந்த வரியைத் திருத்திவிடுவேன், விவாதம் கிடையாது.

என் முதல் 22 நிமிட எபிசோடுக்கு மூன்று நாள், மொத்தம் 19 மணி நேரம். இப்போது ஏழு மணி நேரம்: பார்க்க ஒன்று, எழுத நாலு, அளவு சரிசெய்ய ஒன்று, படித்துத் திருத்த ஒன்று. புதியவர்கள் "நாளைக்கே தருகிறேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். நான்கு நாள் கேளுங்கள்.

10. காசு

சப்டைட்டிலுக்குப் பெரும்பாலும் வீடியோ நிமிடக் கணக்கில்தான் தருவார்கள். அதை உங்கள் மணிக் கணக்குக்கு மாற்றிப் பாருங்கள். நிமிடத்துக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 22 நிமிடத்துக்கு 2,200. ஏழு மணி நேரத்தில் முடித்தால் மணிக்கு 314 ரூபாய், 19 மணி நேரம் ஆனால் 116. பேச்சு அடர்த்தியான நகைச்சுவைத் தொடருக்கும் பாதி நேரம் யானை நடந்துபோகும் ஆவணப்படத்துக்கும் ஒரே விலை பேசினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இயந்திரம் மொழிபெயர்த்ததை "லேசாகத் திருத்தினால் போதும்" என்று பாதி விலைக்குத் தருவதும் இப்போது அதிகம். பத்து நிமிடக் கோப்பைத் திறந்து ஃப்ரேசல் வெர்ப் வரும் வரிகளை மட்டும் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள். வாக்கியம் வழவழவென்று இருக்கும், பொருள் தலைகீழாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்க முழு வீடியோவையும் பார்த்தே ஆக வேண்டும், ஆக நேரம் பாதியாகக் குறையாது.

கையில் வைத்திருக்க வேண்டியவை: பான் அட்டை, வங்கி விவரம், ரத்து செய்த காசோலை ஒன்று, நீங்கள் கையெழுத்திட்ட ரகசிய ஒப்பந்தத்தின் நகல், விலையும் கெடுவும் எழுதிய மின்னஞ்சல். போனில் பேசிய விலையை அன்றே "பேசியபடி" என்று தொடங்கி ஒரு மின்னஞ்சலாக நீங்களே அனுப்பிவிடுங்கள். இந்திய நிறுவனங்கள் தொழில்முறைக் கட்டணம் என்று வழக்கமாக 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி, பிடிக்கும். பான் தராவிட்டால் 20. பிடித்தது வருமான வரித் தளத்தில் உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, கணக்குத் தாக்கல் செய்யும்போது திரும்பக் கேளுங்கள்.

பில்லைக் கோப்பு அனுப்பும் அன்றே அனுப்புங்கள். 30 நாள், 45 நாள் என்று அவர்கள் எண்ணுவது பில் தேதியிலிருந்துதான். அலாரம் எபிசோடுக்கு நான் பில் போட மறந்து, மூன்று வாரம் கழித்து அனுப்பினேன். பணம் வந்தபோது அந்தத் தொடரின் அடுத்த சீசனே வந்துவிட்டிருந்தது.